வீட்டுத் தோட்டத்தில் விடாக் களைகள்

மணமக்களை வாழ்த்தும் பெரியோர், ஆலைப்போலத் தழைக்கவும் அருகைப்போல வேரூன்றவும் வாழ்த்துவது தமிழர் வழக்கம். ஆலின் பெருமையை நிமிர்ந்து பார்த்தாலே அறிந்துகொள்ளலாம். அருகின் பெருமையை அறிய வேண்டுமாயின் ஒருமுறையேனும் மண்வெட்டி பிடித்திருத்தல் வேண்டும். கத்தரிக்கும் மிளகாய்க்கும் பாத்தி கட்டிய ஒருவர், தாம் பிடுங்கி எறிந்த அருகு பத்தாம் நாள் மீண்டும் பச்சைபிடித்து நிற்பதைக் காணும்போது, அந்த வாழ்த்தை முதன்முதலிற் சொன்னவர் ஓர் உழவராகவே இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிக்கொள்வார்.

1977ஆம் ஆண்டில் லீறோய் ஹோம் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்து உழைத்தோரும் உலகின் மிகக் கொடிய களைகளைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டனர். அவர்கள் வகுத்த வரிசையில் முதலிடம் கோரைக்குக் கிடைத்தது. 90க்கும் மேற்பட்ட நாடுகளில், 52 வகைப் பயிர்களுக்கு அது தொல்லை கொடுப்பதாக அவர்கள் கணக்கெடுத்திருந்தனர். இரண்டாமிடம் அருகுக்கு. ஏழாமிடம், இலங்கையில் இலுக்கு என்று வழங்கும் புல்லுக்கு. உலகறிந்த இம்மூன்று களைகளும் மொனராகலைப் பகுதியில் ஒரே வீட்டுத் தோட்டத்தில் ஒன்றாகக் குடியிருக்கக் காணலாம்.

பசறையிலிருந்து மலையிறங்கி மொனராகலைக்குப் போகும் வழியில், தேயிலை சிறிது சிறிதாக விலகி, றப்பர் மரங்களும் பின்னர் சோளச் சேனைகளும் கண்ணிற்படும். ஊவாவின் மேட்டு நிலம் முடிந்து தாழ்நிலம் தொடங்கும் சரிவு இது. இங்கே பெருமழை ஐப்பசியில் தொடங்கித் தை வரையில் நீடிக்கும். சித்திரையில் ஒரு சிறுமழை உண்டு. ஆனி பிறந்ததிலிருந்து புரட்டாதி வரையில் வரட்சியும் காற்றுந்தான். இந்த மழைக்கணக்கை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். களையை வெல்லும் கணக்கும் இதனோடு பிணைந்திருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் லயங்களின் பின்புறத்திலும் கான் ஓரங்களிலும் காலங்காலமாகக் கீரையும் மரக்கறியும் வளர்த்து வந்திருக்கின்றனர். அந்தத் துண்டு நிலத்தில் அவர்களுக்கு உரிமை எதுவும் இருந்ததில்லை. 2015ஆம் ஆண்டின் பின்னர் மலையகத் தோட்டங்களில் எழுந்த தனி வீடுகள் பலவற்றோடு ஏழு பேர்ச் காணி சேர்த்து வழங்கப்பட்டது. ஏழு பேர்ச் என்பது ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீடு அதில் 550 சதுர அடியை எடுத்துக்கொள்ளும். படியும் பாதையும் வாய்க்காலும் போக 1,200 சதுர அடி அளவில் எஞ்சும். பெரிய நிலம் உடையவருக்கு இது ஒரு மூலை. நான்கு தலைமுறையாகப் பிறருடைய மண்ணைக் கொத்தி வந்த குடும்பத்துக்கோ, கையிற் கிடைத்த முதல் மண் இதுவே. நாளாந்தம் கறிக்குக் கடையை நாடாமல் இருக்கவும், மிஞ்சியதை விற்று நாலு காசு பார்க்கவும் இதில் இடமுண்டு. பயிரிடாது கிடந்த நிலத்திலே அந்த வீடு எழுந்திருக்குமானால், குடிபுகுந்தவர்க்கு முன்னரே இலுக்கும் கோரையும் அங்கே குடிபுகுந்திருக்கும்.

அப்படி ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் வீட்டார் அனைவரும் கூடுகின்றனர். மண்வெட்டியால் நிலம் முழுவதும் கொத்திப் புரட்டப்படுகிறது. மேலே தெரிந்த புல்லெல்லாம் குவிக்கப்பட்டு எரிக்கப்படுகிறது. மாலையில் நிலம் செம்மண்ணாய்ச் சுத்தமாய்க் கிடப்பதைப் பார்க்க மனம் குளிர்கிறது. கீரை விதை தூவப்படுகிறது. ஒரு மழை பெய்கிறது. மூன்றாம் வாரம் கீரையைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. முன்னர் ஒரு கோரை நின்ற இடத்தில் இப்போது ஐந்தாறு நிற்கின்றன. அடுத்த வீட்டுப் பாட்டி வேலியோரம் நின்று, “ஏம்புள்ள, கீரை போட்டீங்கன்னுல்ல நெனச்சேன், கோரையா போட்டீங்க?” என்று கேட்டுச் சிரிக்கிறாள். மறுமுறையும் இதே வேலை, இதே பலன். மூன்றாம் முறைக்கு ஆள் வருவதில்லை. சோம்பலினால் தோற்றவர்கள் என்று இவர்களைச் சொல்வது அநியாயம். உழைப்புக்குக் குறைவில்லை. கோரை எங்கே உயிர் வைத்திருக்கிறது என்பதைத்தான் அவர்கள் பாராதிருந்துவிட்டனர்.

கோரையின் மேற்புறத்தைக் கண்டவர்கள் அதனைப் புல் என்றே கொள்வர். தண்டைக் கிள்ளி விரல்களிடையே உருட்டினால் அது மூன்று விளிம்புடையது என்பது தெரியவரும். மண்ணுக்குள்ளே தண்டின் அடி சிறிது பருத்து ஒரு குமிழாக இருக்கும். அக்குமிழிலிருந்து வெண்மையான மெல்லிய வேர்த்தண்டு கிளைத்து ஓடும். சிறிது தூரம் சென்றதும் அதன் நுனி தடித்து ஒரு கிழங்காகும். அக்கிழங்கிலிருந்து மீண்டும் ஒரு கம்பி, மீண்டும் ஒரு கிழங்கு. இவ்வாறு உருத்திராக்க மாலை கோத்ததுபோல் மண்ணுக்குள்ளே ஒரு சங்கிலி நீண்டு செல்லும். கிழங்குகளில் மிகப் பெரும்பான்மை மேலுள்ள அரையடி ஆழத்திலேயே இருக்கும். முற்றிய கிழங்கு கருத்து, உடைத்தால் ஒருவகை நறுமணம் வீசும். நாட்டு வைத்தியர் காய்ச்சலுக்கும் வயிற்றுக் கோளாறுக்கும் கைகண்ட மருந்தாகக் கொள்வதும், பெண்கள் நீராடும் பொடியில் சேர்ப்பதும் இக்கிழங்கையே. விலைக்கு வாங்கும் பொருள் வீட்டு வாசலில் பகையாக முளைத்திருப்பது ஒரு வேடிக்கை.

இச்சங்கிலியில் ஒரு சூட்சுமம் உண்டு. சங்கிலி அறுபடாமல் இருக்கும்வரை பெரும்பாலும் அதன் நுனிக் கிழங்கே முளைவிடும். ஏனையவை உறங்கிக் கிடக்கும். மண்வெட்டி விழுந்து சங்கிலி துண்டுபட்டதும், உறங்கிய கிழங்குகள் தனித்தனியே விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு கிழங்கிலும் ஒன்றுக்கு மேற்பட்ட முளைக்குருத்துகள் இருப்பதால், முதல் முளையைக் கிள்ளினாலும் அடுத்தது தலைநீட்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் ஊக்கமாகக் கொத்தியவர், தம்மை அறியாமலே கோரைக்கு நாற்று நட்டுக் கொடுத்தவர் ஆகிறார்.

ஆயினும் இக்களைக்கு ஓர் எல்லை இருக்கிறது. முளைக்கும் ஒவ்வொரு தளிரும் கிழங்கிலே சேர்த்து வைத்த உணவைச் செலவிட்டே மேலே வருகிறது. இலை விரிந்து, வெயிலைக் குடித்து, தன் உணவைத் தானே ஆக்கிப் புதிய கிழங்கு கட்டத் தொடங்குவதற்கு அதற்கு ஏறக்குறைய மூன்று வாரமாகும். அந்த மூன்று வாரத்துக்குள் தளிரை வெட்டிவிட்டால் செலவு மட்டுமே மிஞ்சும், வரவு இராது. 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் சிமித், மேற்றன் என்னும் இருவர் இதனைச் சோதித்தனர். கோரை மண்டிய நிலத்தை மூன்று வாரத்துக்கு மேற்படாத இடைவெளியில் தவறாமல் உழுதுகொண்டே வந்ததில், இரண்டு பயிர்க்காலங்களில் கோரை அற்றுப்போயிற்று என்று அவர்கள் வெளியிட்டனர். அங்கே பயன்பட்டது சாதாரண உழுகருவியே. தவறாமை என்ற ஒன்றே அந்த வெற்றிக்குக் காரணம்.

அலபாமாவில் செய்ததை ஊவாவில் அப்படியே செய்யலாமா என்ற கேள்வி இங்கே எழுகிறது. செய்தல் ஆகாது. சமநிலத்தை மூன்று வாரத்துக்கு ஒருமுறை உழலாம். சரிவில் அவ்வாறு கொத்திக்கொண்டே இருந்தால், கோரை போவதற்கு முன் மண் போய்விடும்.

இதற்கு வேறெங்கும் சென்று சான்று தேட வேண்டியதில்லை. கோப்பிக் காலத்திலும் அதன்பின் வந்த தேயிலைக் காலத்திலும், ஒரு பூண்டும் இல்லாத மலையே நல்ல மலை என்பது துரைமாரின் கொள்கையாக இருந்தது. புல்லுவெட்டு வேலை மாதம் இவ்வளவு என்று ஏக்கர்க் கணக்கில் கங்காணிமாருக்கு ஒப்பந்தமாக விடப்பட்டது. ஆணும் பெண்ணும் சுரண்டி பிடித்து மலை மலையாக வழித்து வெறுமையாக்கினர். வெறுமையான சரிவின்மேல் பெருமழை பெய்தது. காட்டுக் காலத்து மேல்மண் கான்வழியே ஓடி ஆறுகளை நிறைத்தது. 1873ஆம் ஆண்டிலேயே தாவரவியல் அறிஞர் சேர் ஜோசப் ஹூக்கர் இலங்கை மலைகளின் மண்ணரிப்பைப் பற்றி எச்சரித்திருந்தார். 1931இல் மண்ணரிப்பை ஆராய்ந்த குழு ஒன்று தன் அறிக்கையைச் சமர்ப்பித்தது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. மண்ணுக்குத் தீங்கற்ற சிறு பூண்டுகளை விட்டுவைத்துக் கொடிய களைகளை மட்டும் அகற்றுவதே தக்கது என்று தேயிலை ஆராய்ச்சியாளர் பின்னர் அறிவுறுத்தத் தொடங்கினர். ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சுரண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் சொந்த ஏழு பேர்ச்சிலும் அதே சுரண்டலைச் செய்வார்களாயின், போகின்ற மண் இம்முறை அவர்களுடையது.

களையும் போக வேண்டும், மண்ணும் நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் வழி, தோண்டும் வேலையை வெயிலுக்கும் மூடும் வேலையை மழைக்கும் பங்கிட்டு வைப்பதே.

ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் மொனராகலைப் பக்கத்து மண் காய்ந்து இறுகிக் கிடக்கும். வீட்டுத் தோட்டக்காரர் இக்காலத்தில் வேலையை ஒதுக்கிவைப்பதே வழக்கம். கோரைக்கு எதிராக நிற்பவர்க்கு இதுவே நல்ல காலம். கோரைக் கிழங்கு வெட்டைத் தாங்கும், ஈரத்தையும் ஓரளவு தாங்கும். காய்ச்சலை மட்டும் தாங்காது. மண்ணிலிருந்து வெளிப்பட்டுப் பத்துப் பதினான்கு நாள் கடும்வெயிலில் கிடந்தால் அதன் உயிர் போய்விடும். சித்திரை மழையின் ஈரம் முற்றாக வற்றுவதற்கு முன், மண் உதிரும் பதத்தில் இருக்கும்போது, மண்வெட்டியை ஒதுக்கிவிட்டுத் தோட்டத்தில் முள்ளு என்று வழங்கும் கவர்க் கருவியை எடுத்தல் நன்று. மண்வெட்டி சங்கிலியை அறுக்கும். முள்ளு மண்ணைக் கிளப்பிச் சங்கிலியை முழுதாகத் தூக்கித் தரும். குத்தி நெம்பிய கட்டியை உதிர்த்து, கிழங்கையும் வேர்த்தண்டையும் பொறுக்கி, பாறைமேலோ தகரத்தின்மேலோ பரப்பிவிட வேண்டும். பொறுக்காது விடுபட்டவை மேலே கிடந்தால் வெயில் பார்த்துக்கொள்ளும்.

நிலம் முழுவதையும் ஒரே ஆண்டில் இவ்வாறு செய்ய முனைவது பிழை. 1,200 சதுர அடியில் மேட்டுப்புறத்தில் ஒரு கீற்று, அதற்குக் கீழே கிளறாத ஒரு கீற்று, மீண்டும் ஒரு கீற்று என்று சரிவுக்குக் குறுக்கே எடுத்துக்கொண்டால், எதிர்பாராது ஒரு கோடைமழை கொட்டினாலும் இடைக்கீற்று மண்ணைத் தடுத்து நிறுத்தும். மீதியை அடுத்த கோடைக்கு வைத்துக்கொள்ளலாம். பொறுமை இல்லாதவர்க்கு இது கசப்பான யோசனையே. ஆனாலும் களையோடு கணக்குப் பார்ப்பவர் ஆண்டுக் கணக்கிலேதான் பார்க்க வேண்டும்.

ஐப்பசி மழை தொடங்கியதும் முள்ளையும் மண்வெட்டியையும் உள்ளே வைத்துவிட வேண்டும். தப்பிய கிழங்குகள் இப்போது முளைக்கும். அவற்றைத் தோண்டலாகாது. பதினைந்து அல்லது இருபது நாளுக்கு ஒருமுறை தரைமட்டத்தில் அறுத்துக்கொண்டே வர வேண்டும். அறுப்பதிலும் பெரிய வேலையைச் செய்வது நிழல். கோரை வெயிலுக்குப் பிறந்த பூண்டு. நிழல் விழுந்தால் மெலிந்து நீளுமேயன்றிக் கிழங்கு கட்டாது. வற்றாளைக் கொடியை நெருக்கமாக நட்டால் ஒன்றரை இரண்டு மாதத்தில் தரையை மூடிவிடும். பூசணியும் அவ்வாறே. சோளத்தை நட்டு அதன் இடையே பயறு விதைப்பது மொனராகலைச் சேனைக்காரர் நன்கறிந்த முறை. அதனைச் சற்று நெருக்கிச் செய்தால் போதும். வெங்காயமும் மிளகாயும் நிழல் தரா. கோரை உள்ள பாத்தியில் முதல் ஆண்டில் அவற்றை நடுதல் ஆகாது. ஆசைப்பட்டு நட்டவர் வெங்காயத்தையும் கோரையையும் தாளைப் பார்த்துப் பிரித்தறிவதற்குள் கண் பூத்துப்போவார்.

கொடி படராத இடங்களில் இலைதழைகளால் நான்கு விரல் கனத்துக்கு மண்ணைப் போர்த்துவிட வேண்டும். வேலியில் நிற்கும் சீமைக்கிளுவையின் கிளைகளை வெட்டிப் பரப்பினால் மூடலுக்கு மூடல், பசளைக்குப் பசளை. மானாப்புல்லும் ஆகும். தேயிலைத் தோட்டங்களில் முதிய தேயிலையைப் பிடுங்கி எறிந்த நிலத்தில், மறுநடுகைக்கு முன்னர் ஒன்றரை இரண்டு ஆண்டு மானாவோ குவாத்தமாலாப் புல்லோ வளர்த்து, அதை வெட்டி வெட்டி அங்கேயே பரப்பும் முறையைத் தோட்டத் தொழிலாளர் எல்லாரும் கண்டிருப்பர். இளைத்த மண்ணைத் தேற்றுவதற்குத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்த முறை அது. துரைமாரின் மலைக்குச் செய்வதை வீட்டுக் கொல்லைக்கும் செய்யலாம். கறுப்புப் பொலித்தீன் விரிப்பு வாங்கிப் போடுவோரும் உண்டு. ஏனைய களைகள் அதன்கீழ் அடங்கும். கோரை மட்டும் ஊசிபோல் அதனைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். அதற்குச் செலவிட்ட பணம் வீண்.

இனி இலுக்கு. கூரை வேய்ந்த காலத்தில் இதற்கு ஒரு மதிப்பு இருந்தது. தகரமும் சீமெந்துத் தகடும் வந்தபின் வெட்டுவோர் இன்றி அது பெருகிற்று. இதன் வேர்த்தண்டு வெண்மையானது, கணுக்கள் நிறைந்தது, நுனி ஆணிபோல் கூரியது. மண்ணுக்குள் எதிர்ப்படும் கிழங்கையும் துளைத்துச் செல்லும். இலுக்கைக் கண்டதும் தீ வைப்பது ஊவாவில் வேரூன்றிய பழக்கம். தீயோ இலுக்குக்கு நண்பன். மேலே உள்ள தாள் எரியும். கீழே உள்ள தண்டுக்கு ஒன்றும் நேராது. அதற்குப் போட்டியாக நின்ற செடியும் மரக்கன்றும் மாத்திரமே கருகி மாயும். சாம்பல்மேல் முதலில் தலைநீட்டுவது இலுக்குத்தான். தீப்பட்டபின் அது விரைந்து பூத்து, பஞ்சுபோன்ற விதையைக் காற்றிலே பறக்கவிடுவதும் உண்டு. மலைச்சரிவுகளில் பத்தனை என வழங்கும் புல்வெளிகள் பல மரம் எழாது புல்லாகவே நிற்பதற்கு, ஆண்டுதோறும் அங்கே ஏறும் தீயும் ஒரு காரணம்.

இலுக்கை வெட்டுவதும் அரைகுறை மருந்தே. வெட்டியவுடன் அடிக்கணு தளிர்க்கும். தென்கிழக்காசிய நாடுகளின் மலைக் கமக்காரர் வேறொரு உபாயம் வைத்திருக்கின்றனர். இலுக்கு இடுப்பளவு வளர்ந்ததும், மழையில் தாள் இளகியிருக்கும் வேளையில், ஒரு பலகையின் இரு முனையிலும் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு, பலகையைக் காலால் மிதித்துப் புல்லை ஒரே பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைக்கின்றனர். தாள் அறுபடாததால் அடியிலிருந்து புதுத்தளிர் உடனே கிளம்புவதில்லை. படுத்த புல் தன் நிழலிலே தானே வெளிறிச் சாகிறது. மண்ணும் மூடப்பட்டிருக்கிறது. சில வாரங்கள் கழித்து எழுவதை மீண்டும் மிதிக்க வேண்டும். இதற்கிடையில் சீமைக்கிளுவைக் கம்புகளை இரண்டு முழ இடைவெளியில் ஊன்றிவிட்டால், இரண்டாம் ஆண்டு அதன் நிழல் மிச்ச வேலையைச் செய்துமுடிக்கும். நிழல் விழுந்த இடத்தில் இலுக்கு நில்லாது. கைப்பலகையும் கயிறும் இல்லாத வீடு இல்லை. மொனராகலைச் சரிவுக்கு இதைவிடப் பொருத்தமான முறை கிடைப்பது அரிது.

மற்றவற்றை விரைவிலே சொல்லிவிடலாம். நாயுண்ணி 1826ஆம் ஆண்டில் பூந்தோட்ட அழகுக்காக இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டது. குருவிகள் அதன் பழத்தைத் தின்று விதையை நாடெங்கும் இட்டன. உடவளவைப் பூங்காவில் யானைக்கு உணவாகும் புல்லை அது நெருக்கி அழித்திருக்கிறது. மாடு தின்றால் நோயுறும். வீட்டுத் தோட்டத்தில் அதனை வேரோடு பிடுங்குவது ஒருநாள் வேலை. பழுப்பதற்கு முன் பிடுங்குவதே முக்கியம். மிக்கேனியா என்னும் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். அறுத்ததை ஈரமண்ணில் போட்டுவிட்டு வருவது நடுவதற்குச் சமம். மரக்கிளையிலே தொங்கவிட்டுக் காயவைக்க வேண்டும். கினிப்புல் பூப்பதற்கு முன் வெட்டினால் மாட்டுக்கு நல்ல தீனி. பூத்தபின் விட்டால் விதை. பதுளை, பண்டாரவளைச் சாலையோரங்களில் மஞ்சளாகப் பூத்துக் குலுங்கும் காட்டுச் சூரியகாந்தியும் 1851இல் வந்த அந்நியச் செடியே. அதன் இலையில் பயிருக்கு வேண்டிய சத்து மிகுதி. வேலியோரம் நிற்பதை மாதாமாதம் வெட்டிப் பாத்தியில் பரப்பினால் அது வேலைக்காரன். தண்டை மண்ணிலே புதைத்துவிட்டால் எசமானன்.

பிடுங்கியதை என்ன செய்வது என்பதிலும் பலர் தவறுகின்றனர். கோரைக் கிழங்கையும் இலுக்குத் தண்டையும் பச்சையாகக் கூட்டெருக் குழியில் இட்டால், குழி போதிய சூடு ஏறாத இடத்தில் அவை உயிரோடிருந்து, எருவோடு சேர்ந்து மீண்டும் பாத்திக்கே வந்து சேரும். முதலில் வெயிலில் நொறுங்கக் காயட்டும். காய்ந்தபின் குழிக்குப் போகலாம். கடையில் வாங்கும் நாற்றுப் பையின் மண்ணும், அயலார் அன்போடு கொடுக்கும் வாழைக்குட்டியின் அடிமண்ணும் கோரை பயணம் செய்யும் வாகனங்கள். வாங்கியதை உதறிப் பார்த்து நடுவதில் மனவருத்தத்துக்கு இடமில்லை.

களைகொல்லி தெளித்துவிட்டால் இத்தனை பாடும் வேண்டியதில்லையே என்று கேட்போர் உண்டு. இந்நாட்டில் அதன் வரலாறே ஒரு படிப்பினை. தோட்டங்களில் பல ஆண்டுகள் பாவிக்கப்பட்ட பரகுவாற் ஒரு மிடறு உள்ளே போனாலும் உயிரைக் குடிக்கவல்லது, முறிமருந்தும் இல்லை. 2008க்கும் 2011க்கும் இடையில் அது பாவனையிலிருந்து நீக்கப்பட்டது. கோரையைப் பொறுத்தவரையில் அது மேலிலையைக் கருக்கியதேயன்றிக் கிழங்கைத் தொடவில்லை. கத்தி செய்யும் வேலையையே அது ஆபத்தோடு செய்தது. கிளைபோசேற் கிழங்குவரை இறங்கக்கூடியது. 2015இல் அது தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் றப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2022இல் மீண்டும் இறக்குமதிக்கு வழி திறந்தது. பல நூறு ஏக்கர் உடைய தோட்டத்துக்கு ஆளில்லாக் குறை உண்டு. அதன் நியாயம் வேறு. 1,200 சதுர அடியில் கீரைக்கும் களைக்கும் இடையே ஒரு சாண் தூரமே இருக்கும். காற்று வீசும் சரிவில் தெளிக்கும் மருந்து இரண்டையும் ஒன்றாகவே நனைக்கும். உறங்கும் கிழங்குக்கு மருந்து சென்று சேராதாகையால் ஒருமுறையோடு வேலை முடிவதுமில்லை. மிஞ்சிய போத்தலைச் சிறுபிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் எங்கே வைப்பது என்ற கேள்வியும் இருக்கிறது. இவ்வளவு சிறிய நிலத்துக்குக் கத்தியும் முள்ளும் போதும் என்பதே பொருத்தமான முடிவு.

உழவைப் பாடிய வள்ளுவர் எருவிடுதலையும் களையெடுத்தலையும் நீர் பாய்ச்சுதலையும் சொல்லிவிட்டு, அவற்றின்பின் வரும் காவலுக்கு மேலான இடம் கொடுத்தார். வேலிக்கு வெளியே நிற்கும் மாட்டுக்கு மட்டும் அந்தக் காவல் என்று கொள்ள வேண்டியதில்லை. இலுக்கின் வேர்த்தண்டு வேலியைக் கேளாமல் கீழே நுழையும். எல்லையை ஒட்டி ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் குறுங்கான் ஒன்று வெட்டி வைத்தால், நுழைய வரும் வெண்ணுனி அதன் பக்கச் சுவரில் நீட்டிக்கொண்டு நிற்பதைக் காணலாம், கத்தியால் சீவிவிடலாம். சரிவுக்குக் குறுக்கே அமைந்த அந்தக் கானே மழைநீரின் வேகத்தையும் தடுக்கும். அதில் தேங்கும் வண்டலை மழை ஓய்ந்ததும் அள்ளி மீண்டும் பாத்தியில் இட வேண்டும். அள்ளுமுன் கையால் பிசைந்து பார்ப்பது நல்லது. முதலாம் ஆண்டில் அவ்வண்டலில் கருநிறக் கிழங்குகள் பல அகப்படும். இரண்டாம் ஆண்டுத் தை மாதத்தில் ஒன்றிரண்டு அகப்படலாம். அவற்றையும் பாறைமேல் போட்டுவிட்டு, மண்ணை வற்றாளையின் அடிக்கு அணைக்கலாம்.